காப்புப் பருவம்



வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வாசிப்பு என்று எழுதி வருபவள், இன்று ஒரு குழந்தைக் கட்டிலைப் பற்றி எழுதப் போகிறேன். தலைப்பைப் பார்த்து இலக்கியக் கட்டுரை என்று நினைத்து வந்தவர்கள் திரும்பிச் செல்ல வேண்டாம். இலக்கியமும் இடையில் வரும்.

சென்ற ஆண்டு என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் எங்களோடு ஈப்போவில்தான் இருக்கிறார்கள். எண்பதை நெருங்கும் என் அம்மாவும் எங்களுடன் இருக்கிறார். ஆக, ஒரே கூரையின் கீழ் நான்கு தலைமுறை. பேரன் கருவில் இருக்கும்போதே துள்ளிக்கொண்டிருந்தவன். பிறந்த பிறகும் சும்மா கிடந்ததில்லை. கையை வீசுவான், காலை உதைப்பான், தலைமாட்டில் படுக்க வைத்தால் கால்மாட்டில் கிடப்பான். இப்படிப்பட்ட பிள்ளைக்குப் படுக்கை எது என்பதே எங்கள் வீட்டில் முதல் விவாதமாயிற்று.

அம்மாவுக்கு அதில் ஐயமே இல்லை. உத்தரத்தில் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் சாரோங் துணி. தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்ததும், என் மகள் வளர்ந்ததும் அந்தத் துணித் தொட்டிலில்தான். பால்மரம் சீவப் போகும் தாய்மார்கள் விடியுமுன் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய காலத்தில், அங்கே வரிசையாகத் தொங்கிய துணித் தொட்டில்களை அம்மா இன்றும் சொல்வார். மகளோ கட்டில்தான் வேண்டும் என்றாள். தட்டையான, உறுதியான மெத்தையில், மல்லாந்த நிலையில், தனிக் கட்டிலில், பெற்றோரின் அறையிலேயே குழந்தை உறங்க வேண்டும் என்று மருத்துவமனைத் தாதி அவளுக்குச் சொல்லியிருந்தார்.

கட்டில் வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, ஜெயில் கம்பி மாதிரி இருக்கு? இதுக்குள்ள பிள்ளையைப் போட்டா பயந்துக்காதா?"

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னர் வருந்தினேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உறவினர் ஒருவர் தம் மூன்று பிள்ளைகளும் படுத்த பழைய கட்டிலை அன்போடு தர முன்வந்தார். அதன் ஒரு பக்கக் கம்பித் தடுப்பு மேலும் கீழும் நகரும் வகையைச் சேர்ந்தது. நாளடைவில் அதன் கொளுவி தளர்ந்து, தடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே இடைவெளி விழுந்து, அதில் குழந்தைகள் சிக்கிய நிகழ்வுகள் பல நடந்ததால், அத்தகைய கட்டில்களைச் செய்யவும் விற்கவும் அமெரிக்கா 2011ஆம் ஆண்டில் தடை விதித்தது. மறுத்தபோது உறவினருக்கு மனவருத்தம்தான். "எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றார். ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் அவருடைய கட்டில் அப்போது புதியது. இப்போது அதன் திருகாணிகளில் இரண்டைக் காணோம்.

கடையில் புதுக் கட்டில் பார்க்கும்போது என் கைப்பையில் வழக்கம்போல் ஓர் அடிக்கோல் இருந்தது. ஆசிரியரின் பையில் வேறென்ன இருக்கும்? கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது; இருந்தால் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். மெத்தைக்கும் கட்டில் சுவருக்கும் இடையில் இரண்டு விரல்கள் நுழையும் அளவுக்கு இடமிருந்தால் அந்த மெத்தை அக்கட்டிலுக்கு உரியதன்று. உள்ளங்கையால் அழுத்தினால் குழியாமல் உறுதியாக இருக்க வேண்டும். மூலைக் கால்களில் சட்டை மாட்டிக்கொள்ளும் குமிழ்கள் இருத்தலாகாது. கடைக்காரர் பொறுமையாக நின்றார். இறுதியில், மெத்தையை மூன்று உயரங்களில் பொருத்தக்கூடிய, நான்கு பக்கமும் அசையாத ஒரு கட்டிலை வாங்கினோம்.

கட்டில் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் எளிதில் ஏற்புடையதாக இல்லை. கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டு, தலையணை, போர்வை, கரடி பொம்மை எல்லாம் பரிசாக வந்து குவிந்திருந்தன. குழந்தையின் முகம் அவற்றில் புதைந்தால் அதனால் விலக்கிக்கொள்ள இயலாது. மெத்தைத் திண்டுகளின் விற்பனையை அமெரிக்கா 2022இல் சட்டமியற்றி நிறுத்தியது அதனால்தான். நமது வெப்பத்துக்குப் போர்வை தேவையும் இல்லை. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். குழந்தைக்கு வியர்க்கிறதா என்பதை அதன் பிடரியையோ மார்பையோ தொட்டு அறியலாம். கைகால்கள் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. கொசுவலை கட்டினால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். குழந்தையின் கைக்கு எட்டும்படி தொங்கவிடக் கூடாது. சன்னல் திரையின் கயிறு கட்டிலுக்கு அருகில் இருக்கவே கூடாது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். ஆசிரியர் புத்தி.

பட்டியலை ஒட்டியபோதுதான் ஓர் எண்ணம் தோன்றியது. மேல்நிலை மாணவர்களுக்குச் சிற்றிலக்கிய வகைகளைச் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைத்தமிழின் பருவங்களை மனனம் செய்ய வைப்போம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்ற ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வாரானை என்று ஒற்றைப்படைத் திங்களாக இப்பருவங்களைக் கணக்கிடுவது மரபு. தேர்வுக்காகவே இவற்றை இத்தனை ஆண்டுகள் கற்பித்தேன். என் பேரன் படுத்திருந்த கட்டிலின் அருகே நின்றபோதுதான், நம் புலவர்கள் எவ்வளவு கூர்ந்து குழந்தைகளைப் பார்த்திருக்கிறார்கள் என்பது உறைத்தது.

செங்கீரை என்பது குழந்தை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஐந்தாம் திங்கள் என்கிறது மரபு. கட்டிலுக்கு மேலே தொங்கும் சுழல் பொம்மையை, குழந்தை கையூன்றி எழத் தொடங்கும்போதோ ஐந்து மாதம் நிறையும்போதோ, எது முந்துகிறதோ அப்போதே கழற்றிவிட வேண்டும் என்கிறார்கள் இன்றைய குழந்தை மருத்துவர்கள். எழும் குழந்தை அதன் கயிற்றைப் பற்றி இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். அதற்கு முன்பே, உருளும் முயற்சி தெரிந்த அன்றே, துணியால் இறுகச் சுற்றிப் படுக்க வைப்பதையும் நிறுத்திவிட வேண்டும். கை கட்டப்பட்ட குழந்தை குப்புற விழுந்தால் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தால் பருவத்துக்குள் குழந்தை உட்காரப் பழகுகிறது. அதற்கு முன்பே மெத்தை ஒரு படி இறங்கியிருக்க வேண்டும். சப்பாணி கொட்டும் பருவத்தில் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிறது. அதற்கு முன்பே மெத்தை அடிமட்டத்துக்கு வந்திருக்க வேண்டும்.

இத்தனையிலும் "முன்பே" என்ற ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். நான் கவனித்தேன். எழுதி ஒட்டியும் வைத்தேன். ஆனால் செய்யவில்லை.

பேரனுக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தது. மெத்தை நடுப்படியில் இருந்தது. திங்கட்கிழமை அவன் கம்பியைப் பிடித்து மண்டியிட்டதைப் பார்த்தேன். "மெத்தையை இறக்க வேண்டும்" என்று மருமகனிடம் சொன்னேன். "சனிக்கிழமை ஓய்வாக இருப்பேன் அத்தை, இறக்கித் தருகிறேன்" என்றார். ஒன்பதாம் திங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நானும் சரி என்றேன். இதற்கிடையில், உருண்டு உருண்டு பிள்ளை தலையைக் கம்பியில் இடித்துக்கொள்கிறான் என்று மனம் பொறுக்காமல், என் அம்மா பகலில் யாருக்கும் தெரியாமல் ஒரு நீளத் தலையணையைக் கம்பியோரமாக வைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை மதியம். நான் சமையலறையில் இருந்தேன். பேரனை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஐயோ" என்ற ஒலி மட்டும். ஓடினேன். பேரன் அந்தத் தலையணையின்மேல் ஏறி நின்று, வயிறு கட்டில் விளிம்பில் பதிய, தலையும் இரு கைகளும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தான். கீழே மொசைக் தரை. அம்மா அவன் சட்டையின் முதுகுப் பகுதியை இரு கைகளாலும் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தார். மூட்டு வலியால் தேநீர்க் குவளையையே இரு கைகளால் தூக்குகின்ற அம்மா அவர். நான் தூக்கிக்கொண்டதும் பேரன் சிரித்தான். அவனுக்கு அது ஒரு புதிய விளையாட்டு.

அன்று மாலைவரை மருமகனுக்காகக் காத்திருக்கவில்லை. நானும் என் கணவரும் திருகாணிகளைக் கழற்றி மெத்தையை அடிப்படிக்கு இறக்கினோம். இருபது நிமிட வேலை. சனிக்கிழமைவரை ஒத்திப்போட்டது இந்த இருபது நிமிடத்தைத்தான்.

இரவு அம்மா சாப்பிடவில்லை. "தலையணையை நான்தான் வெச்சேன்" என்றார். "மெத்தையை இறக்காமல் விட்டது நான்தானே அம்மா" என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, எனக்கு முன்னால் பிறந்த அண்ணனைப் பற்றிப் பேசினார். அப்படி ஒருவன் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். எப்படிப் போனான் என்பதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

1968ஆம் ஆண்டு. சுங்கை சிப்புட்டுக்கு அருகிலிருந்த தோட்டத்து லயத்தில் குடியிருந்தார்கள். அண்ணனுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. மரம் சீவி முடித்துத் திரும்பிய அம்மா, பால் கொடுத்து, மடித்த கம்பளியின்மேல் அவனைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டுத் துணி துவைக்கக் குழாயடிக்குப் போயிருக்கிறார். "குப்புறப் போட்டாத்தான் அவன் நல்லாத் தூங்குவான்." திரும்பி வந்தபோது அவன் எழவில்லை. தோட்டத்து டிரெசர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றாராம். கண்ணேறு என்றார்கள் சிலர். குறை மாதப் பிள்ளையை விட்டுப் போனாளே என்றார்கள் வேறு சிலர். அவன் குறை மாதப் பிள்ளையும் அல்லன்.

"அதுக்கப்புறம் உங்க யாரையும் நான் கண்ணை எடுக்காமத்தான் பார்த்தேன்" என்றார் அம்மா. தொட்டில் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துணித் தொட்டிலில் குழந்தை குப்புறக் கிடப்பதில்லை. கயிறு எப்போதும் ஒருவர் கையில் இருக்கும். கட்டிலைப் பார்த்து அவர் அஞ்சியது பழமைவாதத்தால் அன்று. நான் சிரித்திருக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொன்னேன். அந்தக் காலத்தில் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னவர்கள் மருத்துவர்களே. அமெரிக்காவின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக்கின் நூலே 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளில் அப்படித்தான் பரிந்துரைத்தது. உலகெங்கும் தாய்மார்கள் அந்நூலைப் படித்தார்கள். நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் 1991ஆம் ஆண்டில்தான் மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கம் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் தன் அறிவுரையை மாற்றியது. அதன்பின் அந்நாடுகளில் உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. அண்ணன் இறந்தது எதனால் என்று இன்று யாராலும் கூற முடியாது. ஆனால், பெரிய பெரிய மருத்துவர்களுக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்திருக்கவில்லை என்று, அன்று இருபது வயதுப் பெண்ணாக இருந்த அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவருக்கே கூட இல்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வந்து, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் காலை, குழந்தையின் கழுத்தில் தாம் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை அவரே அறுத்துச் சாமி மேடையில் வைத்தார். கழுத்தில் கயிறோ சங்கிலியோ தாயத்தோ உறங்கும்போது இருக்கக் கூடாது என்று மகள் பலமுறை சொல்லியும் அதுவரை இசையாதவர். இப்போது ஒவ்வோர் இரவும் கட்டிலைச் சோதிப்பது அவர் பொறுப்பு. மெத்தைமேல் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பார். குளிர்பதனப் பெட்டியில் நான் ஒட்டிய தாளை அவர் படித்ததில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

துணித் தொட்டிலையும் நாங்கள் முற்றாகக் கைவிடவில்லை. அழும்போது ஆற்றுவதற்கு, விழித்திருக்கும் ஒருவர் கை தொட்டிலில் இருக்க, அம்மா தாலாட்டுப் பாடி ஆட்டுவார். துணியில் குழந்தையின் உடல் வளைந்து முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குத் தடை என்பதால், கண் அயர்ந்ததும் தட்டையான கட்டிலுக்கு மாற்றி மல்லாக்கப் படுக்க வைப்போம். தானாக இருபுறமும் உருளத் தெரிந்த பின், உறக்கத்தில் அவனே திரும்பிக்கொண்டால் மீண்டும் மீண்டும் புரட்டத் தேவையில்லை என்றார் மருத்துவர். படுக்க வைக்கும்போது மட்டும் மல்லாக்க வைக்க வேண்டும்.

துறுதுறுப்பான பிள்ளைக்குக் கட்டில் சிறையாகாமல் இருக்க வழி பகலில்தான் இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் தரையில் பாய் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட விட்டோம். தவழ இடம் கொடுத்தோம். ஒன்பதாம் மாதத்தில் இரவில் எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அழத் தொடங்கினான். பசியோ, பல் முளைக்கும் வலியோ என்று குழம்பினோம். எழுந்து நிற்கக் கற்றவன் திரும்ப உட்காரக் கற்கவில்லை, அவ்வளவுதான். பகலில் நாற்காலியைப் பிடித்து நிற்க வைத்து, முழங்காலை மெல்ல மடக்கி உட்காரப் பழக்கினோம். ஒரு வாரத்தில் அழுகை நின்றது. ஏறக் கற்பிப்பதோடு இறங்கவும் கற்பிக்க வேண்டும் என்பது முப்பதாண்டு ஆசிரியைக்கு அவன் நடத்திய பாடம்.

மகப்பேற்று விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் இளம் ஆசிரியைகளுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலையில் பிள்ளையைப் பராமரிப்பவரிடம் விட்டுவிட்டு ஓடி வருகிறீர்கள். பெற்றோர் வெவ்வேறாக இருக்கும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவோடு இன்னொன்றையும் கேளுங்கள்: என் பிள்ளை எங்கே உறங்கும், எப்படிப் படுக்க வைப்பீர்கள்? வீட்டில் மல்லாந்து உறங்கிப் பழகிய குழந்தையை வேறோரிடத்தில் திடீரெனக் குப்புறப் படுக்க வைப்பது மிகுந்த ஆபத்து. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். தன் பிள்ளை எந்த வரிசையில் உட்காருகிறான் என்று நம்மிடம் கேட்கும் பெற்றோர் மீது நாம் கோபிப்பதில்லையே.

பிள்ளைத்தமிழில் முதலில் வருவது காப்புப் பருவம். குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது அது. மற்றப் பருவங்களைப் போல் அதில் குழந்தை எதையும் செய்வதில்லை. செய்ய வேண்டியவர்கள் பெரியவர்கள். அதனாலேயே அது எல்லாவற்றுக்கும் முன்னே வைக்கப்பட்டது என்று இப்போது என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். இது பாடநூலில் இல்லை. என் வீட்டு மொசைக் தரையில் கற்றது.

பேரன் இப்போது வாரானைப் பருவத்தில் இருக்கிறான். "வா" என்று கை நீட்டினால் தள்ளாடி இரண்டடி வைக்கிறான். நின்றால் கட்டில் விளிம்பு மார்புக்குக் கீழே போகும் நாளில், அல்லது 90 சென்டிமீட்டர் உயரம் எட்டும் நாளில், கட்டிலை விட்டுவிட வேண்டும். சன்னலோரச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டை எட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமைவரை காத்திருக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் குழந்தைக் கட்டில் இருந்தால், இதை வாசித்து முடித்ததும் எழுந்துபோய் ஒருமுறை மெத்தையைத் தடவிப் பாருங்கள்.